சுகாதார ஆய்வு நல்கைகளில் சக ஆய்வாளர் மதிப்பீடு

ஆய்வுக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பத்தை அதே துறையில் உழைக்கும் பிற ஆய்வாளர்களிடம் கொடுத்து எடைபோடச் செய்வதே சக ஆய்வாளர் மதிப்பீடு. மருத்துவம், பொதுச் சுகாதாரம், உயிரியல் ஆகிய துறைகளில் மக்களின் வரிப்பணம் எந்த ஆய்வுக்குப் போக வேண்டும் என்பதைப் பல நாடுகளில் இந்த முறைதான் தீர்மானிக்கிறது. ஆய்விதழில் கட்டுரை வெளியாகும் முன் நடக்கும் மதிப்பீட்டைவிட இது கடினமானது. அங்கே முடிந்த ஆய்வு கையில் இருக்கிறது. இங்கே இருப்பது இனிமேல் செய்யப்போவதைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே. நான்கைந்து ஆண்டுகள் கழித்து என்ன விளையும் என்பதைப் பன்னிரண்டு பக்கங்களைப் படித்துவிட்டு இன்றே சொல்லியாக வேண்டும்.

இக்கட்டுரை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில், சுருக்கமாக என்.ஐ.எச்.-இல், பின்பற்றப்படும் முறையை மையமாகக் கொண்டது. அதன் விதிகள் எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டவை. அதன் குறைநிறைகளும் வேறெந்த முறையைவிடவும் அதிகமாக ஆராயப்பட்டவை. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அங்கே வந்து சேர்கின்றன.

தோற்றம்

1937-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனச் சட்டம் நிறைவேறியபோது, எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம் என்று பரிந்துரைக்க ஓர் ஆலோசனை மன்றமும் சேர்த்தே அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர்க்காலத்தில் அரசு பல்கலைக்கழகங்களுடன் செய்திருந்த மருத்துவ ஆய்வு ஒப்பந்தங்கள் பொதுச் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டன. அவற்றைக் கவனிக்க 1946-இல் ஆராய்ச்சி நல்கைப் பிரிவு தோன்றியது. அதுவே 1997-இல் அறிவியல் மதிப்பீட்டு மையம் என்று பெயர் மாறியது. துறைவாரியாக அமைந்த நிபுணர் குழுக்கள் அன்று முதல் ‘ஸ்டடி செக்‌ஷன்’ என்றே அழைக்கப்படுகின்றன.

மதிப்பீடு இரண்டு கட்டங்களில் நடக்க வேண்டும் என்பது சட்டம். முதல் கட்டத்தில் நிபுணர் குழு அறிவியல் தகுதியை மட்டும் பார்க்கிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தந்த நிறுவனத்தின் ஆலோசனை மன்றம், நாட்டின் தேவையையும் நிறுவனத்தின் முன்னுரிமைகளையும் கருதிப் பரிந்துரை செய்கிறது. அம்மன்றத்தில் அறிவியலாளர் அல்லாத பொதுமக்கள் பிரதிநிதிகளும் உண்டு. மன்றத்தால் மதிப்பெண்ணை மாற்ற முடியாது. கடைசி முடிவு நிறுவன இயக்குநருடையது. அறிவியலை எடைபோடுபவரும் பணத்தைக் கொடுப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற இந்தப் பிரிப்பே முறையின் முதுகெலும்பு.

மதிப்பீட்டாளர் எதைப் பார்க்கிறார்?

என்.ஐ.எச். வழங்கும் நல்கைகளில் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பதும் பலரும் நாடுவதும் ஆர்01. அதற்கு ஒரு பக்கத்தில் நோக்கங்களையும் பன்னிரண்டு பக்கங்களில் ஆய்வுத் திட்டத்தையும் எழுத வேண்டும். 2010-க்கு முன் திட்டத்துக்கு மட்டும் இருபத்தைந்து பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு விண்ணப்பமும் பொதுவாக மூன்று மதிப்பீட்டாளர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. விண்ணப்பதாரரோடு ஒரே நிறுவனத்தில் பணியாற்றுபவர், அண்மை ஆண்டுகளில் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர், உறவினர் ஆகியோருக்கு அந்த விண்ணப்பம் தரப்படுவதில்லை.

ஆய்வின் முக்கியத்துவம், ஆய்வாளர், புதுமை, அணுகுமுறை, ஆய்வுச் சூழல் என்ற ஐந்து தலைப்புகளிலும் தனித்தனியே மதிப்பெண் போடுவது நெடுநாள் வழக்கம். 2025 ஜனவரி 25 முதல் சமர்ப்பிக்கும் பெரும்பாலான ஆய்வுத் திட்ட விண்ணப்பங்களுக்கு இது மாறிவிட்டது. இப்போது முக்கியத்துவமும் புதுமையும் சேர்ந்து ஒரு மதிப்பெண். ஆய்வின் உறுதிப்பாடும் செய்துமுடிக்கக்கூடிய தன்மையும் சேர்ந்து இன்னொரு மதிப்பெண். ஆய்வாளரின் திறனுக்கும் நிறுவனத்தின் வசதிக்கும் மதிப்பெண்ணே கிடையாது. அந்த வேலைக்கு அவை போதுமா, போதாதா என்று மட்டும் சொன்னால் போதும். போதாது என்றால் காரணம் எழுத வேண்டும். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே மதிப்பெண்ணை ஏற்றிவிடுவதைத் தடுக்கவே இந்த மாற்றம். இது மிகவும் தாமதமாக வந்தது என்பதைப் பின்னால் வரும் சான்றுகள் காட்டும்.

நிதித் திட்டம் மதிப்பெண்ணைப் பாதிக்கக் கூடாது. ஆனால் ஆய்வில் பங்கேற்கும் மனிதர்களின் பாதுகாப்பும் விலங்குகளை நடத்தும் முறையும் மதிப்பெண்ணைப் பாதிக்கும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் அடிபடுவது அணுகுமுறையில்தான். ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களைச் செவிலியர் வீடு தேடிப்போய்ப் பார்த்தால் அழுத்தம் குறையுமா என்று அறிய ஒருவர் நிதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதிப்பேருக்குச் செவிலியர் வருகை, மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. இருதரப்புக்கும் இடையே 10 மி.மீ. வித்தியாசம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கிறார். ஆளுக்கு ஆள் மாறுபாடு, அதாவது திட்டவிலக்கம், 20 மி.மீ. என்கிறார். வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி தரப்புக்கு 63 பேர் போதும். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அந்தப் பத்தின் மீதுதான் விரலை வைப்பார். மருந்தே சேர்க்காமல், வெறும் வருகையால் பத்து குறையுமா? ஐந்து குறைந்தாலே பெரிது என்றால் தரப்புக்கு 251 பேர் வேண்டும். எதிர்பார்ப்பு பாதியானால் ஆள் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. 126 பேரைச் சேர்க்க எழுதிய திட்டத்தால் 502 பேரைச் சேர்க்க முடியாது. இந்த ஆய்வு நடந்தால், பணமும் நோயாளிகளின் நேரமும் செலவாகி, செவிலியர் வருகை பயன் தருமா தராதா என்பது கடைசிவரை தெரியாமலேயே போகும். நல்ல மதிப்பீடு என்பது இப்படி ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு அதன் வேர்வரை போவது. ‘மாதிரி அளவு குறைவு’ என்று மூன்றே சொற்களில் எழுதி முடிப்பவர் விண்ணப்பதாரருக்கு எதையும் கற்றுத்தருவதில்லை.

கூட்டம்

நிபுணர் குழுக்கள் ஆண்டுக்கு மூன்று முறை கூடுகின்றன. உறுப்பினர்கள் முன்கூட்டியே கருத்துரையும் தொடக்க மதிப்பெண்ணும் எழுதி அனுப்பியிருப்பார்கள். 1 என்பது மிகச் சிறப்பு. 9 என்பது மிகப் பலவீனம். 2009 முதல் இந்த அளவுகோல்தான். தொடக்க மதிப்பெண்களில் பின்தங்கிய ஏறக்குறைய பாதி விண்ணப்பங்கள் கூட்டத்தில் பேசப்படுவதே இல்லை. அவற்றை அனுப்பியவர்களுக்கு எழுத்துக் கருத்துரை மட்டும் போய்ச் சேரும்.

மீதி விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்படும். தலைவர் விண்ணப்பத்தின் எண்ணைச் சொன்னதும், நலன் முரண் உள்ள உறுப்பினர் எழுந்து வெளியே போய்விடுவார். இணையவழிக் கூட்டமானால் அவரைத் தனியே மாற்றிவிடுவார்கள். மூன்று மதிப்பீட்டாளர்களும் தங்கள் மதிப்பெண்ணைச் சொல்வார்கள். இரண்டு, மூன்று, ஐந்து என்று வந்தால் ஐந்து போட்டவர் ஏன் என்று விளக்க வேண்டும். மற்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். விவாதம் முடிந்ததும் மூவரும் தங்கள் எண்ணைத் திருத்திச் சொல்லலாம். பிறகு விண்ணப்பத்தை முழுதும் படிக்காதவர்கள் உட்பட எல்லா உறுப்பினர்களும் தனித்தனியே, பிறர் அறியாதபடி மதிப்பெண் இடுவார்கள். மூவர் சொன்ன எல்லைக்கு வெளியே மதிப்பெண் போடப்போகிறவர் காரணம் சொல்ல வேண்டும். எல்லாருடைய மதிப்பெண்ணின் சராசரியைப் பத்தால் பெருக்கினால் 10 முதல் 90 வரையிலான இறுதி எண் கிடைக்கும். ஒரு குழு தாராளமாகவும் இன்னொரு குழு கறாராகவும் இருக்கக்கூடும் என்பதால், ஆர்01 போன்ற நல்கைகளில் அந்தக் குழுவின் அண்மைய மூன்று கூட்டங்களோடு ஒப்பிட்டு, அந்த எண்ணைச் சதமான நிலையாகவும் மாற்றுகிறார்கள்.

விண்ணப்பதாரர் அந்த அறையில் இருப்பதில்லை. இந்தியாவின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகள், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களைத் தேர்வுக் குழுவின் முன் நேரில் பேச வைக்கின்றன. எண்ணத்தை எழுத்தில் முழுதாகக் கொண்டுவர முடியாத இளம் ஆய்வாளருக்கு இது பெரிய வாய்ப்பு.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

மருத்துவ ஆய்வை எடைபோடும் இந்த முறையையே ஆய்வுக்கு உட்படுத்தியவர்கள் உண்டு. டேனியல் லீயும் லீலா ஆகாவும் 1980 முதல் 2008 வரை என்.ஐ.எச். நிதியளித்த 1,30,000-க்கும் மேற்பட்ட நல்கைகளை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நல்ல மதிப்பெண் பெற்றவையே பின்னர் அதிகக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் காப்புரிமைகளையும் தந்தன. மறுவருடமே ஃபெரிக் ஃபாங், ஆந்தனி போவன், ஆர்ட்டுரோ காசடெவால் மூவரும் முன்னணி இருபது சதமானத்துக்குள் வந்த விண்ணப்பங்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, அவற்றுக்குள் எது அதிகம் விளைவிக்கும் என்பதை மதிப்பெண்ணால் சரிவரச் சொல்ல முடியவில்லை. பலவீனமானதைக் கழிக்க இந்த முறைக்குத் தெரியும். நல்லவற்றுக்குள் வரிசை போடத் தெரியாது. ஆனால் நிதி பற்றாக்குறையான காலத்தில் முடிவுகள் எடுக்கப்பட்டுவந்தது பெரும்பாலும் அந்த வரிசையை வைத்துத்தான்.

எலிசபெத் பியர் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. புற்றுநோய் நிறுவனத்தில் முன்பே நிதி பெற்ற 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் போட்ட மதிப்பெண்கள், வெவ்வேறு விண்ணப்பங்களுக்குப் போட்ட மதிப்பெண்களைவிட அதிகமாக ஒத்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2009-இல் வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்த நிக்கோலஸ் கிரேவ்ஸ் குழுவினர், யார் குழுவில் அமர்ந்தாலும் நிதி கிடைத்திருக்கும் என்று சொல்லக்கூடியவை 9 விழுக்காடுதான் என்று கணித்தார்கள். 29 விழுக்காட்டின் கதி குழுவைப் பொறுத்து மாறக்கூடியது.

ஆனால் இத்துறையின் மிக முக்கியமான ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. கிறிஸ்டின் வெனெரோஸ், அக்னெஸ் வோல்ட் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் ஸ்வீடன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1995-இல் வழங்கிய முதுமுனைவர் நல்கைகளின் மதிப்பெண்களைக் கேட்டார்கள். மதிப்பீடு ரகசியம் என்று மறுப்பு வந்தது. அந்நாட்டின் தகவல் உரிமைச் சட்டப்படி நீதிமன்றம் போய் ஆவணங்களைப் பெற்றார்கள். விண்ணப்பித்தவர் 114 பேர். அதில் பெண்கள் 52. நல்கை பெற்ற 20 பேரில் பெண்கள் நால்வர். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணிப் பார்த்தபோது, ஓர் ஆணுக்குக் கிடைக்கும் அதே திறமை மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் சுமார் 2.5 மடங்கு சாதித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. குழு உறுப்பினரோடு தொடர்புள்ளவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் விழுந்திருந்தது. அந்த உறுப்பினர் நேரடியாக மதிப்பெண் போடாதபோதும் அப்படியே. 1997-இல் இது வெளியானபோது உலகெங்கும் அதிர்ச்சி எழுந்தது. 2004-ஆம் ஆண்டின் விண்ணப்பங்களை வைத்து வேறு இருவர் அதே சோதனையைச் செய்தபோது பெண்களுக்கு எதிரான சாய்வு காணப்படவில்லை. தொடர்புள்ளவர்களுக்கான சலுகை மட்டும் அப்படியே இருந்தது.

டோனா கிந்தர் குழுவினர் 2011-இல் என்.ஐ.எச்.-இன் 83,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்து, கல்வி, பயிற்சி, வெளியீடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு என்று காட்டினார்கள். கனடாவில் 2019-இல் வந்த ஆய்வு, ஆய்வுத் திட்டத்தை மையமாக வைத்து மதிப்பிட்டபோது ஆண் பெண் இடைவெளி 0.9 புள்ளி என்றும், ஆய்வாளரின் தகுதியை மையமாக வைத்தபோது அதுவே 4 புள்ளி என்றும் கண்டது. ஆளைப் பார்த்தால் சாய்வு கூடுகிறது; வேலையைப் பார்த்தால் குறைகிறது.

மாற்று முயற்சிகள்

நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம், துணிச்சலான புதிய எண்ணங்களுக்கான ‘எக்ஸ்ப்ளோரர்’ நல்கையில் 2013 முதல் குலுக்கலைக் கையாள்கிறது. விண்ணப்பதாரரின் பெயரை மறைத்து, தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் குழு பார்க்கிறது. தகுதியுள்ளவற்றிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். நல்லவற்றுக்குள் வரிசை போட முடியாது என்ற உண்மையை நேர்மையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. கனடா நேருக்கு நேர் கூட்டங்களை நீக்கி முழுவதும் இணையத்தில் மதிப்பிட முயன்று, 2016-இல் ஆய்வாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் கூட்டங்களை மீண்டும் கொண்டுவந்தது. அமெரிக்க ராணுவத்தின் மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டத்தில் நோயிலிருந்து மீண்டவர்கள் 1990-களிலிருந்தே அறிவியலாளர்களோடு சமமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். நோயின் வலி தெரிந்தவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் விண்ணப்பத்தை ஏற்றிக் கருத்துரை எழுதுவதை என்.ஐ.எச். 2023-இல் தடை செய்தது. பிறருடைய வெளிவராத எண்ணம் வெளியே கசிந்துவிடும் என்பதே காரணம்.

தனி மதிப்பீட்டாளரின் பெயரைக் காப்பது நியாயம். அச்சமின்றி எழுத அது வேண்டும். மதிப்பெண்களின் மொத்தக் கணக்கைப் பூட்டி வைக்க அந்தக் காரணம் பொருந்தாது. ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சாய்வு வெளிச்சத்துக்கு வந்தது அந்தக் கணக்கு ஆய்வாளர்கள் கைக்குப் போனதால்தான். 1911 முதல் இயங்கிவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் உட்பட, பொதுப்பணத்தில் நல்கை வழங்கும் ஒவ்வோர் அமைப்பும் பெயர்களை நீக்கிய மதிப்பெண்களை ஆண்டுதோறும் ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டும்.