சதையிச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஈரற்கொழுப்பு

கணையம் என்றும் சதையி என்றும் வழங்கும் உறுப்பின் ஒரு பாகமோ முழுவதுமோ சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டபின், அதுகாறும் செவ்வையாக இருந்த ஈரலிற் புதிதாகக் கொழுப்புப் படிவது, மதுபானத்தாலும் மிகையான போஜனத்தாலும் வரும் ஈரற்கொழுப்பினின்று காரணத்தால் முற்றிலும் வேறானதொரு வியாதியாகும். கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் பித்தப்பையையும் ஒருங்கே நீக்கும், 1935இல் அலன் விப்பிள் விவரித்த முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சையின் பின்னர் இது பலரிடம் காணப்படுகிறது.

கணையநீர் குன்றியவிடத்துப் புரதம் சரிவரச் சமிபாடடையாமற் போக, ஈரலிற் சேர்ந்த கொழுப்பை இரத்தத்தில் ஏற்றியனுப்பும் புரதத்தை ஆக்குதற்கு வேண்டிய அமினோ அமிலங்களும் கிட்டாமையால், உடல் மெலிய மெலிய ஈரல் மட்டும் கொழுக்கும் விபரீதம் நேர்கிறது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையும் கடுநாற்றமும் கொண்டு, எத்தனை வாளி நீர் ஊற்றினாலும் போகாது மிதக்கும். ஆயினும் கொழுப்பைச் சமிக்கும் லைப்பேஸ் என்னும் நொதியம் பத்திலொரு பங்கிற்குக் கீழே குறைந்தபின்னரே இக்குறி தெளிவாகத் தோன்றுமாதலால், அது காணாமையைக் கொண்டு குறைவில்லை என்று துணிதல் தவறு.

இந்த உண்மை முதலில் நாய்களிடத்தே புலப்பட்டது. 1920களில் ரொறன்ரோவில், கணையம் நீக்கப்பட்டு இன்சுலினால் உயிர் தரித்திருந்த நாய்கள் சில மாதங்களில் ஈரல் கொழுத்து மடிய, பச்சைக் கணையம் ஊட்டப்பட்டவை பிழைத்தன; பின்னர் பெஸ்ற், ஹேர்சி முதலிய ஆய்வாளர் லெசித்தினுக்கும் அக்குணமுண்டு என்று காட்டினர்.

இலங்கையின் ஹாலிஎலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ச் சத்திரசிகிச்சை பெற்று லயத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு, ஸ்கேன் அறிக்கையில் ஈரற்கொழுப்பு என்று கண்டமாத்திரத்தில் தேங்காய்ச் சம்பலையும் பருப்பையும் விலக்கச் சொல்வது, பட்டினியால் வந்த நோய்க்குப் பட்டினியையே மருந்தாக்குவதாகும். நுவரெலியாத் தோட்டத் தொழிலாளரிடையே சாதாரண ஈரற்கொழுப்பு ஏறத்தாழ 18 சதவீதமெனக் காட்டிய ஆய்வு 2011இல் வெளிவந்ததை நினைக்கின், இரண்டையும் ஒன்றாக மயங்குவது எளிதே.

உரிய பரிகாரம் கணைய நொதிய மாத்திரையே. பிரதான உணவோடு 40,000 முதல் 50,000 அலகு லைப்பேஸ், சிற்றுண்டியோடு அதிற் பாதி என்பது வழக்கமான அளவு. மலையிற் கொழுந்து பறிக்குமிடத்தில் ரொட்டி தின்னும்போதும் முதற் கவளத்துடனேயே விழுங்கவேண்டும்; மெல்லுவதும் சூடான தேநீரிற் கரைப்பதும் ஆகா, வெப்பம் நொதியத்தை அழித்துவிடும். முறையாக உட்கொண்ட பலருக்கு ஈரற்கொழுப்புக் குறைந்திருக்கிறது. இம்மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவதாகலின், முஸ்லிம்களுக்கும் மரக்கறி உண்போருக்கும் இதை முன்னரே சொல்லி, அவர்தம் சம்மதம் பெற்றே கொடுக்கவேண்டும்.