கடல் கடந்த கல்வியும் ஊரில் எழுந்த கேள்வியும்

நெருளிலும் சுற்றியுள்ள நவி மும்பைக் கல்லூரிகளிலும் மருத்துவம், செவிலியம், கல்வியியல் பயிலும் நம் மாணவர்களிடையே, மேற்படிப்புக்கு எந்த நாடு என்ற பேச்சு ஓய்வதில்லை. எந்த நாடு என்பதைவிட, எந்தக் கேள்வியைச் சுமந்து செல்கிறோம் என்பதே பயன் தருவது. மூன்று பெண் மருத்துவர்களின் வரலாறு இதற்குச் சான்று.

நெருளுக்கு அண்மையிலுள்ள கல்யாணில் 1865இல் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி, 14 வயதில் ஈன்ற குழந்தையைப் பத்தே நாளில் பறிகொடுத்தார். பெண்ணுக்குப் பெண் மருத்துவர் ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 முதல் பெண்களைச் சேர்த்துவந்தது. அதை அறிந்தே, அங்குள்ள பயிற்சி போதாது எனக் கருதி, 1883இல் அமெரிக்கா சென்றார். பிலடெல்பியாவில் 1886இல் பட்டம் பெற்றபோது, அவரது ஆய்வேடு பண்டைய இந்துக்களின் மகப்பேற்று மருத்துவம் பற்றியதாக இருந்தது. அயல்மண் அவரைத் தம் மரபை ஆராயத் தூண்டியது. கோலாப்பூர் மருத்துவமனைப் பணி காத்திருக்க, 1887 பிப்ரவரியில், 21 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

பம்பாயின் ருக்மாபாய், சிறுவயதில் நடத்திவைக்கப்பட்ட திருமணத்தை ஏற்க மறுத்து, 1884 முதல் 1888 வரை நீண்ட வழக்கை எதிர்கொண்டவர். 1889இல் லண்டன் சென்று, பெண்கள் மருத்துவப் பள்ளியில் பயின்று, 1894இல் மருத்துவரானார். பின்னர் சூரத்திலும் ராஜ்கோட்டிலும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் பெண்களுக்கான மருத்துவமனைகளில் பணியாற்றினார்.

ஆனந்திபாய் பட்டம் பெற்ற 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1912இல் பட்டம் பெற்றார். ஆகவே அவருக்கு வெளிநாடு மாற்றுவழியன்று, மேற்பயிற்சிக்களம். தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரோடு 1925இல் லண்டன் சென்றார். 1851 முதலே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இயங்கிவந்த நகரம் அது. சென்னையிலோ அத்தகையது இல்லை. 1926இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் பங்கேற்றுத் திரும்பினார். அடையாறு புற்றுநோய் நிலையம் உருவானது 1954இல்தான். இடையில் 28 ஆண்டுகள். அவ்விடைவெளியில் சட்டமன்றப் பணியும், ஆதரவற்ற பெண்களுக்கு உறைவிடமும் கல்வியும் தந்த அவ்வை இல்லமும் அமைந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். முதல் இருவர் திரும்பும்போது அவர்களை ஏற்க மருத்துவமனைகள் இருந்தன. முத்துலட்சுமி எண்ணியதற்கோ நிறுவனமே இல்லை. அதை அவர் உருவாக்க வேண்டியிருந்தது. அயல்நாட்டுக் கல்வி திறனை அளிக்கலாம். அத்திறன் தங்குவதற்கான இடத்தை அளிப்பதில்லை. அந்த இடம் ஊரில்தான் கட்டப்பட வேண்டும். அதற்குத் தலைமுறைக் காலமும் ஆகலாம்.

இன்று வெளிநாட்டில் இளநிலை மருத்துவம் முடித்துத் திரும்புவோரின் அறிவை அளக்க 2002 முதல் தகுதித் தேர்வு உண்டு. அவர்கள் எந்தக் கேள்வியோடு சென்றார்கள் என்பதை அளக்கும் தேர்வு ஏதுமில்லை. நாமோ பெரும்பாலும் பட்டத்தையும் ஊதியத்தையும் கொண்டே வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடுகிறோம். அந்த அளவுகோலை 1930இல் முத்துலட்சுமியின் லண்டன் பயணத்துக்கு வைத்திருந்தால், புற்றுநோய் நிலையம் கணக்கில் வந்திருக்காது.

விண்ணப்பம் எழுதும் மாணவர்கள், தம் ஊரில் விடை கிடைக்காத ஒரு கேள்வியை முதலில் எழுதிப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தைத் தேர்வது அதன் பிறகு எளிதாகும்.