புள்ளி தெரிகிறதா? – திரைப்பகிர்வின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன; மாத இறுதியில் பொதுமுடக்கமும் வந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில், காவேரிப்பாக்கத்தில் என் வீட்டு மாடியறையில் அமர்ந்து, இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர்களில் பலர் இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் கையில் இருந்தது கைப்பேசி மட்டுமே. பாடத்தை மடிக்கணினியில் விரித்து, திரைப்பகிர்வுப் பொத்தானை அழுத்திவிட்டு, ‘தெரிகிறதா?’ என்று கேட்பேன். ‘தெரியுதுங்க ஐயா’ என்று நாலைந்து குரல்கள் வரும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. இடையில் திரையில் சொற்களைக் காட்டி, அசை பிரிக்கச் சொல்லி ஒரு சிறுதேர்வும் வைத்தேன். விடைகள் ஏமாற்றமளித்தன. சிவப்பு மையை நிறையச் செலவழித்தேன்.

நான்காவது வாரம் ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னேன். திரையில் இருந்த சொல் ‘பல்’. அவர் ‘பல, நிரையசை’ என்றார். தனிக்குறில் ஒற்றடுத்து வந்தால் நேரசை என்பதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று கடிந்துகொண்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தயங்கிய குரலில், ‘ஐயா, எனக்கு இங்க புள்ளியே தெரியலைங்க’ என்றார். அடுத்தடுத்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தேர்வில் அவர்கள் பிழை செய்திருக்கவில்லை. தங்கள் கண்ணுக்குத் தெரிந்த சொல்லை முறையாகவே அசை பிரித்திருந்தார்கள். பிழை, நான் அனுப்பிய படத்தில் இருந்தது.

காட்டுகிறவர் ஒரு திரையைப் பார்க்கிறார், காண்கிறவர் வேறொரு திரையைப் பார்க்கிறார். இடையில் என்ன தொலைந்தது என்பது காட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை. திரைப்பகிர்வில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான் என்று அன்று தோன்றியது. பிறகு இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அந்த எண்ணம் வலுப்பட்டது.

*

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பர்ட் சுமார் ஆயிரம் பேர் முன்னிலையில் தொண்ணூறு நிமிடம் ஒரு செயல்விளக்கம் நிகழ்த்தினார். இன்று நாம் கையில் பிடித்திருக்கும் ‘மவுஸ்’ பொதுமக்கள் முன் தோன்றியது அந்த மேடையில்தான். அவருடைய கணினி அரங்கில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க் ஆய்வகத்தில் இருந்தது. அங்கே சிறிய படக்குழாய்களில் தோன்றிய எழுத்துகளைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் படம்பிடித்தன. அந்தப் படம் நுண்ணலை இணைப்புகள் வழியாக அரங்கிற்கு வந்து பெருந்திரையில் விழுந்தது. ஒரு கட்டத்தில் ஆய்வகத்திலிருந்த பில் பாக்ஸ்டனின் முகம் திரையின் ஒரு மூலையில் தோன்ற, இருவரும் ஒரே பனுவலைப் பார்த்தபடி உரையாடினார்கள். இன்றைய காணொளிக் கூட்டத்தின் கூறுகள் எல்லாம் அதில் இருந்தன.

அந்த முதல் திரைப்பகிர்வு, ஒரு திரையின் முன் கேமராவை நிறுத்தியதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2020இல் துணி மாட்டும் கம்பியில் கைப்பேசியைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே வைத்த நோட்டுப்புத்தகத்தைக் காட்டிய நம் ஆசிரியர்கள், தம்மையறியாமல் எங்கல்பர்ட்டின் வழியையே பின்பற்றினார்கள். இன்னொன்றும் உண்டு. எங்கல்பர்ட் தனியாகக் காட்டவில்லை. அவருடைய சகாவான பில் இங்கிலீஷ், அரங்கத்தில் இருந்துகொண்டு, பெருந்திரையில் எந்தப் படம் எப்போது வரவேண்டும் என்று ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்தவருக்காக, காண்போர் பக்கத்தில் ஒரு ஜோடிக் கண்கள் இருந்தன. நமக்கு அந்த வசதி இல்லை.

*

எங்கல்பர்ட்டுக்குப் பிறகு தொலைவிலுள்ளவருக்குத் திரையைக் காட்டுவதில் இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, ‘இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை’ என்று கட்டளைகளை அனுப்புவது. 1984இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ் சாளர அமைப்பு இவ்வகை. மற்றது, வரைந்து முடித்த படத்தையே அனுப்புவது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் உருவாகி 1998இல் இலவசமாக வெளியிடப்பட்ட விஎன்சி இரண்டாம் வகை. இன்றைய காணொளிக் கூட்டச் செயலிகள் பொதுவாக இரண்டாம் வழியிலேயே செல்கின்றன.

தமிழர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. கட்டளையை அனுப்பினால், அந்த எழுத்தை வரையும் எழுத்துரு மறுபுறமும் இருந்தாக வேண்டும். தொண்ணூறுகளில் நம்மிடையே ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம், மற்றவர் கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகத் திறந்ததை அந்நாளில் இணையத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒழுங்கு தேடியது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. திரையைப் படமாக அனுப்பும்போது இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மறுமுனையில் தமிழ் எழுத்துரு அறவே இல்லாவிட்டாலும் தமிழ் தெரியும்.

ஆனால் எழுத்து படமாக மாறும்போது, அது எழுத்து என்ற தகுதியை இழந்துவிடுகிறது. கணினிக்கு அது மரத்தின் இலையைப்போல, முகத்தின் மச்சத்தைப்போல ஒரு நிறப்புள்ளிக் கூட்டம். அனுப்பும் இணைப்பு குறுகும்போது, செயலி படத்தைச் சுருக்குகிறது. சுருக்கும்போது முதலில் அழிவது நுண்ணிய விவரம். தமிழில் மிக நுண்ணிய விவரம் எது? மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி. அடுத்து, ஒகர ஓகாரங்களை வேறுபடுத்தும் கொம்பின் சுழி.

இங்கேதான் எனக்கு ஓலைச்சுவடிகளின் நினைவு வந்தது. மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. ஆயினும் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே இடம்நோக்கி உணரவேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வடிவிலேயே காட்டச் சீர்திருத்தம் செய்ததற்கு இந்த இடர்ப்பாடே காரணம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்குப் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பட்ட பாடு நாமறிந்ததே. அச்சு வந்து புள்ளியை மீட்டுத் தந்தது. குறுகிய இணைய இணைப்போ அதை மறுபடியும் ஓலைக்காலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டைப் படித்தவருக்குப் புள்ளி இல்லை என்பது தெரியும். என் மாணவிக்கு அது தெரியாது.

*

காட்டுகிறவருக்கும் காண்கிறவருக்கும் இடையிலுள்ள இந்தத் திரையை நம் நாட்டின் முன்னோடி முயற்சிகளும் உணர்ந்திருந்தன. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களின் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி அனுப்பப்பட்டது. ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட அத்திட்டத்தில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. அது ஒருவழிப் பாதை. காண்பவர் திருப்பிப் பேச முடியாது. அதை உணர்ந்த அமைப்பாளர்கள், ஆய்வாளர்கள் சிலரைக் கிராமங்களிலேயே தங்கவைத்து, மக்கள் எதைப் பார்த்தார்கள், எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அறிய முயன்றார்கள். 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய நாடுதழுவிய வகுப்பறை ஒளிபரப்பும் ஒருவழியே. 2004 செப்டம்பரில் ஏவப்பட்ட எஜுசாட் வந்த பிறகுதான், கல்விக்கெனவே அமைந்த செயற்கைக்கோள் ஒன்றின் வழியே மாணவர் திருப்பிக் கேட்கும் வகுப்புகள் அமைந்தன.

விஎன்சியை வடிவமைத்தவர்கள் இதற்கு இயந்திர அளவில் ஒரு விடை கண்டார்கள். அதில் காட்டும் கணினி தானாகப் படத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. காணும் கணினி ‘அடுத்தது கொடு’ என்று கேட்டால்தான் கொடுக்கும். மெதுவான இணைப்பில் இருப்பவர் தம் வேகத்துக்கு ஏற்பக் கேட்டுக்கொள்வார். நல்லாசிரியர்க்கு நன்னூல் வகுத்த இலக்கணத்துக்கு அருகில் வரும் ஏற்பாடு இது. மாணவன் கொள்ளும் அளவறிந்து கொடுக்கிறது.

*

அன்றைக்குப் பிறகு என் வகுப்பில் கண்ட கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே குடும்பம். வீட்டு இணைப்புகளில் பலவற்றில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் மிகக் குறைவு. வகுப்பு எடுப்பவருக்கு வேண்டியதோ ஏற்றும் வேகம். நான் திரைப்படம் தடையின்றி ஓடுவதைப் பார்த்து இணைப்பு நன்று என்று நம்பியிருந்தேன். ஒரு சாளரத்தை மட்டும் பகிர்ந்துவிட்டு, வேறு சாளரத்தில் பக்கம் புரட்டினால், மாணவர்கள் அரைமணி நேரம் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2019இல் வந்த மேக் இயங்குதளம் முதலாகத் திரையைப் பதிவுசெய்ய ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி தரவேண்டும். தராவிட்டால் வெறும் பின்னணிப் படம் மட்டும் போய்ச்சேரக்கூடும். தந்த பிறகும் செயலியை மூடித் திறக்கவேண்டும். காப்புரிமைப் பூட்டுள்ள திரைப்படத்தைக் காட்டினால் மறுமுனையில் கறுப்புத் திரை. கூட்டச் சாளரத்தையே பகிர்ந்தால், கண்ணாடிக்குள் கண்ணாடியாக முடிவின்றி விரியும். இவற்றில் எதுவும் காட்டுகிறவர் திரையில் பிழையாகத் தெரியாது. அவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

புள்ளியை மீட்க நான் செய்தவை எளியவை. ஒரு முழு மடிக்கணினித் திரை, நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் அடங்குகிறது. ஆகவே எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினேன். வண்ண எழுத்துகளை விட்டு, வெள்ளையில் கறுப்புக்கு மாறினேன். படச்சுருக்கத்தில் வண்ண விவரமே முதலில் குறைக்கப்படுகிறது. பாடம் காட்டும்போது என் முகம் காட்டும் கேமராவை அணைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கைப்பேசி ஒன்றில் மாணவனைப்போலவே கூட்டத்தில் சேர்ந்து, அதை மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கே புள்ளி தெரியவில்லை.

*

மறுபுறம் போய்ப் பார்ப்பது பற்றி எங்கள் ஊரிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. 1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில் ராபர்ட் கிளைவின் படைக்கும், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த படைக்கும் போர் மூண்டது. மாந்தோப்பில் மறைந்திருந்த பிரெஞ்சுப் பீரங்கிகள் கிளைவின் படையை வாட்டின. நிலவொளியில், முன்னிருந்து பார்த்தால் தோப்பு அசைக்க முடியாத அரணாகத் தெரிந்தது. சுற்றிச் சென்ற படைப்பிரிவிலிருந்து சிம்மண்ட்ஸ் என்ற இளம் அதிகாரி முன்னே சென்று வேவு பார்த்தார். வழியில் மறித்த எதிரிச் சிப்பாய்களிடம் பிரெஞ்சு மொழியில் பேசி, அவர்களுள் ஒருவரைப்போலக் கடந்துபோனார். தோப்பின் பின்புறம் காவலின்றிக் கிடந்தது. போரின் முடிவு அங்கே தீர்ந்தது என்று இராபர்ட் ஓர்ம் தம் வரலாற்று நூலில் எழுதுகிறார். அந்த வெற்றியால் நமக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் முன்னிருந்து பார்ப்பதும் மறுபுறம் போய்ப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிட அருகில் எனக்கு வேறு சான்று கிடைக்கவில்லை.

வகுப்பில் இப்போது ‘தெரிகிறதா?’ என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் மரியாதையின் பொருட்டு ஒரே விடைதான் வைத்திருக்கிறார்கள். ‘என்ன தெரிகிறது, வாசியுங்கள்’ என்று கேட்கிறேன். கல்லூரி திறந்து நேரில் பாடம் நடத்தும்போதும் அப்படியே. கரும்பலகையின் கடைசி வரிசைப் பார்வை எனக்குத் தெரியாது அல்லவா?

அந்தச் சிறுதேர்வின் விடைகளை மீண்டும் எடுத்து, எல்லாச் சொற்களிலும் புள்ளியை நீக்கிவிட்டுத் திருத்தினேன். அந்த மாணவிக்கு இருபதுக்குப் பத்தொன்பது வந்தது.