தீஞ்: பனியைப் புகழ்வோரும் கட்டடத்தைப் பழிப்போரும்

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், சவுவா மாவட்டத்தில், இத்தாலி எல்லைக்குச் சற்று இப்பால் 'தீஞ்' என்று ஓர் ஊர். (எழுத்தில் கடைசியில் ஓர் 'எஸ்' உண்டு, வாயில் வராது. பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது புதிதல்ல.) கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். நம் உதகமண்டலம் 2,240 மீட்டர் என்பதால், உயரத்தில் மட்டும் பார்த்தால் ஊட்டிக்குத் தம்பிதான். ஆனால் ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தீஞ் வட அட்சம் 45 டிகிரியில் இருக்கிறது. அதனால் அங்கே நவம்பர் முதல் மே தொடக்கம் வரை தரை தெரியாது. பனிச்சறுக்குக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே கூட்டம் வருகிறது.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த விஷயம் கொஞ்சம் பழக்கமானது. பிப்ரவரியில் பேரப்பிள்ளை ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக, முகமே தெரியாமல் நிற்கும் படம் ஒன்று வரும். பள்ளிக்கூடமே பிள்ளைகளைப் பனிக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. 'கிளாஸ் த நேழ்' என்பார்கள். நான் ஒரு நாளும் அந்தக் கட்டைகளைக் காலில் மாட்டியவன் அல்லன். ஆனால் தீஞ்சைப் பற்றி வந்து போனவர்கள் சொல்வதைக் கேட்பதிலும் படிப்பதிலும் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. ஏனென்றால், ஒரே ஊரைப் பற்றி இவ்வளவு புகழும் இவ்வளவு வசையும் ஒரே வாயிலிருந்து வருவது அபூர்வம்.

முதலில் புகழைச் சொல்லிவிடுகிறேன். பனி நிச்சயம் என்பதே முதல் புகழ். தாழ்வான ஊர்களில் விடுதிக்குப் பணம் கட்டிவிட்டுப் போய், புல்லையும் சேற்றையும் பார்த்துத் திரும்பியவர்கள் பலர். 1980-களின் கடைசியில் அடுத்தடுத்துச் சில குளிர்காலங்கள் பனி குறைந்து போனபோது, ஆயிரம் ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்து ஊர்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அப்போது உயரத்தில் இருந்த ஊர்களின் பெயர் இன்னும் ஓங்கியது. அடுத்த புகழ், பரப்பு. பக்கத்து ஊரான வால் திசேரோடு சேர்த்து 300 கிலோமீட்டர் அளவுக்குச் சறுக்குப் பாதைகள். 1968-இல் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய ழான்-குலோத் கில்லி வால் திசேரில் வளர்ந்தவர். அவர் பெயரால் அந்தப் பரப்பை 'எஸ்பாஸ் கில்லி' என்று அழைத்தார்கள். கிராந்த் மோத் என்ற பனியாற்றில் 3,456 மீட்டர் வரை கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து 1,550 மீட்டரில் இருக்கும் லே பிரெவியேர் என்ற சிற்றூர் வரை இறங்கலாம். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் இறக்கம். இறங்கி வந்தவர்கள் அந்தச் சிற்றூரின் பழைய கல்வீடுகளுக்கு நடுவே மதிய உணவு உண்டதைச் சறுக்கலை விட அதிகமாக வருணிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இனி வசை. பிப்ரவரி விடுமுறையில் லிஃப்டுக்கு வரிசை, உணவு விலை, முதல் நாள் இரவு உயரத்தால் வரும் தலைவலி, தூக்கமின்மை. இவை எந்த மலையூருக்கும் பொது. பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று வண்ணத்தால் தரம் பிரித்திருப்பார்கள். தீஞ்சின் நீலம் வேறு ஊரின் சிவப்புக்குச் சமம் என்று புதியவர்கள் முறையிடுவார்கள்.

அந்த ஊருக்கே உரிய குறை வேறு. அங்கே மரம் கிடையாது. ஆல்ப்ஸின் அந்தப் பகுதியில் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் மரம் வளர்வது நின்றுவிடுகிறது. மேகம் இறங்கிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. இதற்குப் பிரெஞ்சில் 'ழூர் பிளான்', வெள்ளை நாள் என்று பெயர். மரம் இருந்தால் அதன் கறுப்பைப் பார்த்து மேடு எது, பள்ளம் எது என்று கண் கணித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. தான் நின்றுவிட்டோமா, இன்னும் போய்க்கொண்டிருக்கிறோமா என்றே தெரியாமல், நின்ற இடத்தில் விழுந்தவர்கள் உண்டு. சாப்பாடு, விலை எல்லாவற்றையும் மன்னிக்கிறவர்கள்கூட இந்த வெள்ளை நாளை மறப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான வசை, ஊரின் தோற்றம். மலையூர் என்றால் மரவீடு, சாய்ந்த கூரை, சன்னலில் பூத்தொட்டி என்று வாழ்த்து அட்டைப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு, ஏரிக்கரையில் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் கான்கிரீட் குடியிருப்புகள் அதிர்ச்சி தருகின்றன. நகரத்துப் புறச்சேரிக் குடியிருப்பைத் தூக்கி வந்து மலைமேல் வைத்ததுபோல இருக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இத்தகைய ஊர்களுக்கே 'உய்சின் ஆ ஸ்கீ', அதாவது பனிச்சறுக்குத் தொழிற்சாலை என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். "இங்கே ஒரு பழமையும் இல்லையே, ஊருக்கு ஒரு ஆத்மா இல்லையே" என்பார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்த ஊருக்குப் பழமை இருந்தது. அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

பழைய தீஞ் இப்போதுள்ள ஊருக்குக் கீழே, இசேர் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்தது. கல்வீடுகள், பரோக் பாணிப் பலிபீடங்கள் கொண்ட தேவாலயம், கல்லறை, வயல், மாடு என்று சில நூறு பேர் வாழ்ந்த கிராமம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரான்சில் மின்சாரம் போதவில்லை. 1946 ஏப்ரலில் மின்துறையை நாட்டுடைமையாக்கி 'எலெக்த்ரிசித்தே த பிரான்ஸ்' என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். ஆல்ப்ஸ் நதிகளிலிருந்து வரும் மின்சாரத்துக்கு 'ஊய் பிளான்ஷ்', வெள்ளை நிலக்கரி என்று பெயர். பூகோள வகுப்பில் அதை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கிரெனோபிளுக்குப் பக்கத்தில் லான்சேயில் காகித ஆலை வைத்திருந்த அரிஸ்தீத் பெர்ழேஸ், மலையருவியைக் குழாயில் அடக்கிச் சக்கரம் சுழற்றியதையும், அந்தப் பெயரைப் பரப்பியதையும் ஒப்பித்தோம். வெள்ளை நிலக்கரிக்காக எந்த ஊர் மூழ்கியது என்று பாடத்தில் இல்லை.

தீஞ்சுக்குக் கீழே ஷெவ்ரில் என்ற இடத்தில் 180 மீட்டர் உயரத்தில் வளைவு அணை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே உயரமானது. தேக்கும் நீர் ஏறக்குறைய 23 கோடி கன மீட்டர். ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். மனுப் போட்டார்கள், வேலையைத் தடுத்தார்கள், போலீசோடு மோதினார்கள். அரசின் பதில் இரண்டே சொல்: 'உய்த்திலித்தே பியூப்ளிக்', பொதுப்பயன். அரசு அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இந்தச் சொல்லின் எடை தெரியும். நில எடுப்புக் கோப்பில் அது ஏறிவிட்டால், பிறகு பேச்செல்லாம் தொகையைப் பற்றித்தான். எடுக்கலாமா என்பதைப் பற்றி அல்ல.

1952 வசந்தத்தில், வீடுகளில் ஆட்கள் இருக்கும்போதே அணையில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். போகமாட்டோம் என்றவர்களை வெளியேற்றக் கலகத் தடுப்புப் படையான சே.எர்.எஸ். வந்து இறங்கியது. கல்லறையைத் தோண்டி இறந்தவர்களை எடுத்து, மேலே லே புவாஸ் என்ற இடத்தில் மறுபடி புதைத்தார்கள். வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேவாலயத்தின் பலிபீடங்களைப் பெயர்த்தெடுத்து, பழைய கோயிலின் சாயலிலேயே லே புவாஸில் கட்டிய புதுக் கோயிலில் வைத்தார்கள். 1953 ஜூலை 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் வேன்சான் ஓரியோல் வந்து அணையைத் திறந்துவைத்தார். அணைக்குக் கீழே இருந்ததால் தப்பியது லே பிரெவியேர். மதிய உணவுக்கு இறங்கி வருகிறவர்கள் ரசிக்கும் அந்தக் கல்வீடுகள் அப்படி மிஞ்சியவை.

வயல் போன பிறகு ஊராருக்கு மிச்சம் இருந்தது மேலே இருந்த மேய்ச்சல் நிலமும், 2,100 மீட்டரில் இயற்கையாக அமைந்த ஒரு சிறு ஏரியும். கோடையில் மாடு ஓட்டிப் போகும் இடம். மரமில்லாத கிண்ணம் போன்ற பொட்டல். அந்த ஏரிக்கரையில்தான் 1950-களின் நடுவிலிருந்து புதிய தீஞ் எழுந்தது. பிறகு பியர் ஷ்னெபெலன் என்ற கட்டட முதலீட்டாளர் வந்து, ஏரிக்கு அப்பால் வால் கிளாரே என்ற பகுதியை வளர்த்தார். (வால் தொரான்ஸ் என்ற இன்னும் உயரமான ஊர் உருவானதிலும் அவர் கை உண்டு.)

ஆக, வருகிறவர்கள் புகழும் பனிக்கும், பயப்படும் மரமின்மைக்கும், பழிக்கும் கான்கிரீட்டுக்கும் காரணம் ஒன்றே. அந்த உயரம். அந்த உயரத்தில் யாரும் ஆசைப்பட்டு ஊர் கட்டவில்லை.

ஆனால் கட்டடங்களின் அவலட்சணத்துக்கு முழுப் பழியையும் அணைமேல் போட்டுவிட முடியாது. அரசுக்கும் அதில் பங்கு உண்டு. பிரான்சில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 1936-இல் இரண்டு வாரம், 1956-இல் மூன்று, 1969-இல் நான்கு. விடுப்பு கூடக்கூட, குளிர்காலத்திலும் ஒரு வாரம் எங்காவது போகலாம் என்ற நினைப்பு நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தது. (விடுப்பு விதிகள் சரித்திரத்தை மாற்றும் என்பதை எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) அன்னியச் செலாவணியும் வேண்டும், மலைமக்கள் நகரத்துக்கு ஓடுவதும் நிற்க வேண்டும் என்று அரசு 1964-இல் 'பிளான் நேழ்', பனித் திட்டம் தீட்டியது. உயரத்தில் வெற்றிடமாகப் பார், படுக்கைகளை அடுக்கு, வாசலிலேயே கட்டையை மாட்டிக்கொண்டு சறுக்கட்டும். இதுதான் சூத்திரம். வெள்ளை நிலக்கரி போய் 'ஓர் பிளான்', வெள்ளைத் தங்கம் என்ற சொல் வந்தது. 1977 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ழிஸ்கார் தெஸ்தேன் வாலூயீஸ் என்ற ஊரில் பேசியபோது, மலையை இப்படி நிரப்பியது போதும் என்ற பொருளில் பேசினார். அதற்குள் தீஞ்சில் கட்டவேண்டியதை எல்லாம் கட்டிவிட்டார்கள். பின்னாளில் மரப்பலகையும் கல்லும் ஒட்டி முகத்தை மாற்றப் பார்த்திருக்கிறார்கள். என் கருத்து, வசை நியாயமானதே. ஆனால் அதை ஊர்க்காரர் காதுபடச் சொல்லக் கூடாது.

1992-இல் ஆல்பெர்வில் குளிர்கால ஒலிம்பிக்கின் போது மேடுபள்ளச் சறுக்கல் போட்டி தீஞ்சில் நடந்தது. அது பதக்கப் போட்டியானது அப்போதுதான் முதல் தடவை. பிரான்சின் எத்கார் கிரோஸ்பிரோன் தங்கம் வென்றார். அதே ஆண்டு மாற்றுத் திறனாளிகளுக்கான குளிர்கால ஒலிம்பிக்கும் அங்கே நடந்ததை ஏனோ பலர் சொல்வதில்லை. அதற்கு முன்பே, 1989-இல், அணையின் முகத்தில் ஹெர்குலிஸ் அணையைத் தாங்குவது போலப் பிரம்மாண்ட ஓவியம் ஒன்றை ழான்-மரி பியெரே என்ற ஓவியர் வரைந்தார். வெயிலும் பனியும் பட்டு அது வெளிறிக்கொண்டே வருகிறது.

தீஞ் ஒரு காலத்தில் '365 நாளும் சறுக்கலாம்' என்று விளம்பரம் செய்த ஊர். கிராந்த் மோத் பனியாறு கோடையிலும் தாங்கும் என்ற நம்பிக்கை. 1993-இல் மலைக்குள் சுரங்கம் குடைந்து, பனியாற்றுக்கு ஏறும் இழுவை ரயிலும் விட்டார்கள். இன்று பனியாறு ஆண்டுதோறும் மெலிகிறது. கோடைச் சறுக்கல் சில வாரங்களாகச் சுருங்கி, திறக்காத ஆண்டும் வந்துவிட்டது. கூரைக்குள் செயற்கையாகச் சறுக்குதளம் கட்டலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. மலையில் இருந்துகொண்டு கூரைக்குள் சறுக்குவதா என்று பலத்த எதிர்ப்பு. பழைய விருந்தினர்கள் இப்போது சொல்வதில் ஒரு புது வரி சேர்ந்திருக்கிறது: "முன்பு நாங்கள் வந்தபோது பனியாறு இவ்வளவு தூரம் இருந்தது" என்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள். நாற்பது வயதுக்காரர்கள்கூடப் 'அந்தக் காலத்தில்' என்று பேசவேண்டிய நிலை.

அணையைச் சோதிக்கப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏரியை வடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. அப்போதெல்லாம் பழைய ஊர்க்காரர்கள் கீழே இறங்கி, சேற்றில் தங்கள் வீட்டு அடிச்சுவரைத் தேடிப் பார்ப்பார்கள். முழுவதுமாக வடித்தது கடைசியாக 2000-இல். மற்ற ஆண்டுகளில், குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்காக நீரை இறக்கி இறக்கி, வசந்தத்தில் ஏரி வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. ஈஸ்டருக்குச் சறுக்க வருகிறவர்கள், அணையைக் கடந்து மேலே ஏறும் சாலையில், இருபுறமும் வெள்ளையாக இருக்க நடுவில் மட்டும் சாம்பல் நிறச் சேற்றுப் பள்ளம் ஒன்றைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மே மாதம் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, அதுவரை சறுக்கிய வால் திசேர் சரிவுகளின் பனி உருகி இசேரில் இறங்கி, அந்தப் பள்ளத்தை நிரப்பத் தொடங்குகிறது.