மீன் தொட்டியில் மிதக்கும் செடி... பாதி தண்ணீர் தெரியணும் மக்களே!

மீன் தொட்டியில் பச்சை வேணும். ஆனா மண், உரம், கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர்னு செலவு பண்ண முடியாதா? மிதக்கும் செடிகளை டிரை பண்ணுங்க. இலைகள் தண்ணீருக்கு மேலே இருப்பதால், கார்பன் டை ஆக்ஸைடை காற்றிலிருந்தே எடுத்துக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரேட்டை உறிஞ்சும். தொங்கும் வேர்களுக்குள் கப்பி குட்டிகள் ஒளிஞ்சுக்கும்.

எதை வாங்கலாம்?

* சால்வீனியா: சின்ன தொட்டிக்கு ஏற்றது.
* ஆகாயத்தாமரை: குட்டி முட்டைகோஸ் மாதிரி இருக்கும். வேர் நீளமா இறங்கும். பெரிய தொட்டிக்கு ஓகே.
* டக்வீட்: பொட்டு சைஸ் இலை. விட்டா தொட்டியையே பிடிச்சிடும். கோல்டு ஃபிஷ் இருந்தா அதுவே தின்னுடும்.

எப்படி வளர்ப்பது?

* தினமும் சுமார் 8 மணி நேரம் எல்.இ.டி வெளிச்சம் போதும்.
* ஃபில்டர் தண்ணீர் இலை மேல் கொட்டினால் அழுகிடும். ஏர் டியூபை வளையமாக்கி மிதக்கவிட்டு, செடிகளை அதுக்குள்ளே விடுங்க.
* மூடியில் இடைவெளி இருக்கட்டும்.
* வாரம் ஒருமுறை அள்ளி எடுத்து, மேற்பரப்பில் பாதியை காலியா வைங்க. முழுசா மூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ஃபைட்டர் மீன் மேலே வந்து சுவாசிக்கவும் இடம் வேணும்.

அள்ளினதை என்ன செய்றது?

கால்வாயிலோ ஏரியிலோ போடவே போடாதீங்க! இன்னைக்கு நம்ம ஏரிகளை மூடிக்கிடக்கும் வெங்காயத்தாமரை, அழகுக்காக இந்தியாவுக்கு வந்த தென் அமெரிக்கச் செடிதான். வெயிலில் நல்லா காயவெச்சு, பூந்தொட்டிக்கு உரமா போட்டுடுங்க.