மூட்டு வலிக்குச் சத்து மாத்திரை: அளவு மீறினால் ஆபத்து

முழங்கால் வலித்தால் பலர் முதலில் போவது கிளினிக்குக்கு அல்ல, மருந்துக் கடைக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்ற நம்பிக்கை.

வைட்டமின் டி உடலில் தங்கிவிடும் சத்து. மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. மாதக்கணக்கில் அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடி, குமட்டல், தீராத தாகம், சிறுநீரகக் கல் வரை கொண்டுபோய்விடும். இனிப்புநீரால் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நரம்புக்கு நல்லது என்று வாங்கும் வைட்டமின் பி6 அளவு மீறினால் அதே நரம்பைக் கெடுக்கும். கை கால் மரத்துப்போகும். அதற்கும் சேர்த்து இன்னொரு மாத்திரை போடுகிறவர்கள் உண்டு!

எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் பெட்டியில் இல்லாத மருந்தைத் தொடவே வேண்டாம். இப்படி விற்கப்படும் சில வலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுவதே சரி. அதேசமயம், பல நாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

மூட்டு வீங்கிச் சிவந்து சுட்டால் யூரிக் அமிலமாக இருக்கலாம். காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்ற வலிக்கு அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். போகும்போது சாப்பிடும் மாத்திரை டப்பாக்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.