டேக் ஆஃப்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் கூட்டுவினை. இதன் முதற்பகுதியான 'டேக்', பழைய நார்ஸ் மொழியின் 'டாகா'விலிருந்து வந்தது; பழைய ஆங்கிலத்தில் அதே பொருளில் வழங்கிய 'நிமன்' என்ற வினையை அது மெல்ல வழக்கிலிருந்து அகற்றிவிட்டது.

மேலே இருப்பதை நீக்குவதே அடிப்படைப் பொருள். சட்டை, செருப்பு, மூக்குக் கண்ணாடி எதைக் கழற்றினாலும் இந்த வினைதான். 'ரிமூவ்' இதற்கு இணைச்சொல். ஆனால் அது எழுத்து நடைக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரியது, வீட்டுப் பேச்சில் விறைப்பாக ஒலிக்கும். விலையைக் குறைப்பதையும் (இணைச்சொல் 'டிடக்ட்'), வேலைக்கு விடுப்பு எடுப்பதையும் இது குறிக்கும்.

விமானம் தரையை விட்டு எழும்புவது இன்னொரு பொருள். 'டிபார்ட்' இதற்கு முழு ஈடாகாது. அது புறப்பாட்டைச் சொல்லும், மேலெழுவதைச் சொல்லாது. ஒரு தொழிலோ பாடகரின் புகழோ திடீரென உயர்வதையும் இதே வினை சுட்டும். பொருளியலாளர் வால்ட் ரோஸ்டோ 1960இல் வெளியிட்ட நூலில், நாடுகளின் வளர்ச்சிப் படிகளுள் ஒன்றுக்கு இப்பெயரையே வைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவதும், பிரிட்டிஷ் வழக்கில் ஒருவரைப்போல் நடித்துக் காட்டுவதும் இதில் அடங்கும்.

கற்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சொல்வரிசை. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி. பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'டேக் தெம் ஆஃப்'. விமானம் எழும்பும் பொருளில் செயப்படுபொருளே வராது. கழற்றுவதற்கு எதிர்ச்சொல் 'புட் ஆன்', எழும்புவதற்கு 'லேண்ட்'.